கதையை முடிவு செய்வது யார்? டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்பெய்னை நடத்தும் 6 பாணிகள்

நெட்ஃபிளிக்ஸில் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு முதல் எபிசோடில் வரும் அந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். 1983-ம் ஆண்டு. வீட்டின் அடித்தளத்தில் நான்கு சிறுவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் கதை சொல்கிறான். மற்ற மூவரும் பதறுகிறார்கள், கத்துகிறார்கள், பகடையை உருட்டுகிறார்கள்.

அவர்கள் விளையாடுவது 'டன்ஜன்ஸ் & டிராகன்ஸ்'. சுருக்கமாக டி&டி. 50 ஆண்டுகளைத் தாண்டிய இந்த விளையாட்டில் வெற்றி, தோல்வி என்று இறுதி முடிவு கிடையாது. ஒரே குழு வாரக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆடும். அந்தத் தொடர் ஆட்டத்துக்குப் பெயர்தான் 'கேம்பெய்ன்'.

ஆனால், பல கேம்பெய்ன்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. வேலை, படிப்பு, நேரமின்மை எனப் பல காரணங்கள் உண்டு. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் இருக்கிறது. கதையை நடத்துபவர் ஒரு வகை ஆட்டத்தை மனதில் வைத்திருப்பார். ஆட வந்தவர்கள் வேறு வகையை எதிர்பார்த்திருப்பார்கள். இந்த வகைகள் என்னென்ன, ஒவ்வொன்றிலும் யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்றால் என்ன?

ஒருவர் 'கேம் மாஸ்டர்'. டி&டி-யில் அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேம் மாஸ்டர் சூழலைச் சொல்வார்: "உங்க முன்னாடி ஒரு பழைய மரக்கதவு இருக்கு. உள்ளே யாரோ முனகுற சத்தம் கேட்குது. என்ன செய்றீங்க?"

"கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொல்லலாம். "தட்டிப் பார்க்கிறேன்" என்று இன்னொருவர் சொல்லலாம். முடிவு சந்தேகத்துக்குரியது என்றால் பகடை உருட்டப்படும். டி&டி-யில் அது பெரும்பாலும் 20 முகங்கள் கொண்ட பகடை.

அவ்வளவுதான். போர்டு கட்டாயமில்லை, திரை கட்டாயமில்லை. "என்ன செய்றீங்க?" என்ற அந்தக் கேள்விதான் முழு ஆட்டமும். அந்தக் கேள்விக்கு வரும் பதில் எவ்வளவு தூரம் கதையை மாற்றும் என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன.

திட்டத்தை மீறியதால் பிறந்த விளையாட்டு

இந்த விளையாட்டின் வேரே சுவாரஸ்யமானது. 1969-ல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் - செயின்ட் பால் பகுதியில் டேவிட் வெஸ்லி என்பவர், நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். 'பிரவுன்ஸ்டைன்' என்ற கற்பனை நகரம்தான் களம். வழக்கமாக ஆளுக்கொரு படையைக் கொடுப்பார்கள். வெஸ்லி, சிலருக்கு அந்த ஊரில் வாழும் தனி மனிதர்களின் வேடத்தைக் கொடுத்தார்.

ஆட்டம் தொடங்கியதும் ஆளாளுக்கு ஒரு பக்கம் போய்விட்டார்கள். தங்களுக்குள் பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். திட்டமிட்டிருந்த போர் நடக்கவே இல்லை. ஆட்டம் சொதப்பிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆனால், வந்தவர்களோ மறுபடியும் நடத்தச் சொல்லிக் கேட்டார்கள்.

அந்தக் குழுவில் இருந்தவர் டேவ் ஆர்னசன். அவர் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை உருவாக்கி, கோட்டைக்கு அடியில் இருக்கும் சுரங்கங்களுக்குள் தன் நண்பர்களை அனுப்பினார். விஸ்கான்சின் மாநிலம் லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ் அவருடன் கைகோத்தார். 1974-ல் டி&டி வெளியானது. முதல் பதிப்பில் அச்சிடப்பட்டவை வெறும் 1,000 பெட்டிகள்.

அதாவது, நடத்துபவரின் திட்டத்தை ஆடுபவர்கள் மீறியதில் பிறந்த விளையாட்டு இது. அந்த இழுபறி இன்றுவரை ஓயவில்லை.

ஒரு ஊர், ஒரு காணாமல் போன படகோட்டி

பாணிகளைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு படகோட்டியைக் காணவில்லை. காட்டுக்குள் இருக்கும் பாழடைந்த கோட்டையில் ராத்திரி விளக்கு எரிவதாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

கேம் மாஸ்டர் ஒரு வாரம் உட்கார்ந்து அந்தக் கோட்டையைத் தயாரித்திருக்கிறார். வரைபடம், பொறிகள், உள்ளே இருக்கும் எதிரிகள் எல்லாம் ரெடி. அப்போது ஒருவர் சொல்கிறார்: "கோட்டை எதுக்கு? அந்த ஆளுக்குக் கடன் கொடுத்தவன் கீழே இருக்கிற சந்தையில இருக்கான்ல? படகை எடுத்துக்கிட்டு அங்கே போலாம்."

மற்றவர்களும் தலையாட்டுகிறார்கள். இப்போது கேம் மாஸ்டர் என்ன செய்வார்?

1. நேர்கோட்டுக் கதை

இந்தப் பாணியில் கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் முன்பே எழுதப்பட்டிருக்கும். ஆடுபவர்கள் அதன் வழியே பயணிக்கிறார்கள்.

இதற்குப் பெரிய அடையாளம் 1984-ல் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' தொடர். டிரேசி ஹிக்மேன் உள்ளிட்ட குழு உருவாக்கிய இந்தத் தொடர், பல புத்தகங்களாக ஒரே பெருங்கதையைச் சொன்னது. அதே கதை நாவலாகவும் வெளிவந்தது. கதைக்குப் பின்னால் தேவைப்படும் பாத்திரம் செத்துப்போனால், அந்தச் சாவை உறுதியில்லாததாக வைத்துக்கொள்ளும்படி கேம் மாஸ்டருக்கு அறிவுரை சொல்லும் அளவுக்குக் கதைக்கு முக்கியத்துவம் தரப்பட்டது.

2007 முதல் பைஸோ நிறுவனம் வெளியிட்டுவரும் 'பாத்ஃபைண்டர் அட்வென்ச்சர் பாத்' வரிசையும் இந்த வகைதான். தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் 6 புத்தகங்கள் சேர்ந்தால்தான் ஒரு முழு கேம்பெய்ன் என்று இருந்தது.

நல்லது என்ன? புதியவர்களுக்குக் குழப்பம் இல்லை. பெரிய வில்லன், துரோகம், இறுதிப் போர் என்று கட்டுக்கோப்பான கதை கிடைக்கும். வேலைக்குப் போகும் கேம் மாஸ்டருக்குத் தயாரிப்பு நேரமும் மிச்சம்.

சிக்கல் என்ன? நம் படகோட்டி கதையில், "சந்தைக்குப் போற வழியில பாலம் உடைஞ்சிருக்கு" என்பார் கேம் மாஸ்டர். சரி, நீந்திப் போகிறோம் என்றால், "ஆத்துல வெள்ளம்" என்பார். எப்படிச் சுற்றினாலும் கோட்டைதான். இதை இந்த விளையாட்டு வட்டாரத்தில் 'ரயில்ரோடிங்' என்பார்கள். தண்டவாளத்தை விட்டு ரயில் இறங்க முடியாதல்லவா, அதுபோல.

நேர்கோட்டுக் கதையும் ரயில்ரோடிங்கும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். "இந்தக் கதை கோட்டையைப் பற்றியது" என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு போவது நேர்கோட்டுக் கதை. போக விருப்பமில்லாதவர்களை இழுத்துக்கொண்டு போவது ரயில்ரோடிங்.

2. சாண்ட்பாக்ஸ்

மணலில் விளையாடும் குழந்தைக்கு என்ன கட்டுவது என்று யாரும் சொல்வதில்லை. அதுதான் இந்தப் பெயருக்குக் காரணம். கேம் மாஸ்டர் கதையைத் தயாரிப்பதில்லை. உலகத்தைத் தயாரிக்கிறார். அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், அதில் ஊர்கள், குகைகள், ஒன்றோடொன்று மோதும் கூட்டங்கள். எங்கே போவது என்பது ஆடுபவர்களின் விருப்பம்.

கைகாக்ஸ் எழுதி, 1980-களின் தொடக்கத்தில் டி&டி பேசிக் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்கப்பட்ட 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' இதற்கு எளிய உதாரணம். ஒரு எல்லைக் கோட்டை, சுற்றிலும் காடு, சற்றுத் தள்ளி அரக்கர்கள் குடியிருக்கும் குகைகள். அவ்வளவுதான். எந்தக் குகைக்குள் முதலில் நுழைவது, யாருடன் சண்டை, யாருடன் சமாதானம் என்பதெல்லாம் ஆடுபவர்கள் பாடு.

நம் கதையில் சந்தைக்குப் போகலாம் என்றால், "சரி, கிளம்புங்க" என்பார் கேம் மாஸ்டர். ஆனால், கோட்டையில் விளக்கு ஏற்றியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தால் ஊரே எரிந்து கிடக்கலாம். 1979-ல் வெளியான டன்ஜன் மாஸ்டர் கையேட்டில், விளையாட்டு உலகில் எத்தனை நாள் கழிந்தது என்பதைக் கறாராகக் குறித்து வைக்கும்படி கைகாக்ஸ் வலியுறுத்தியதற்குக் காரணம் இதுதான். நேரம் ஓடினால்தான் தேர்வுக்கு விலை இருக்கும்.

சிக்கல்: "எங்கே வேணும்னாலும் போங்க" என்றதும் சில குழுக்கள் திகைத்து நின்றுவிடும். முன்கை எடுக்கும் ஆள் ஒருவராவது இல்லையென்றால் ஆட்டம் நகராது.

3. வெஸ்ட் மார்ச்சஸ்

பென் ராபின்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2000-களின் தொடக்கத்தில் நடத்திய கேம்பெய்னின் பெயர் இது. பிறகு அதுவே ஒரு பாணியின் பெயராகிவிட்டது.

இதில் நிலையான குழு கிடையாது. நிலையான நாள் கிடையாது. நிலையான கதையும் கிடையாது. 10 முதல் 14 பேர் வரை ஒரு பெரிய வட்டமாக இருந்தார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து, "ஞாயித்துக்கிழமை அந்த சதுப்பு நிலத்துக்குப் போறோம், நடத்துறீங்களா?" என்று கேம் மாஸ்டரிடம் கேட்க வேண்டும். ஊருக்குள் எந்த சாகசமும் நடக்காது. சாகசம் முழுக்க ஊருக்கு வெளியேதான்.

போய் வந்தவர்கள் கண்டதை மற்றவர்களுக்குச் சொல்வார்கள். பொதுவான வரைபடம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். ஒரு குழு பயந்து திரும்பிய இடத்துக்கு அடுத்த குழு துணிந்து போகும்.

"எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்க மாட்டேங்குது" என்று புலம்பும் பெரியவர்களுக்கு இது நல்ல தீர்வு. ஆனால், கேம் மாஸ்டருக்கு வேலை அதிகம். கதாபாத்திரங்களுக்கு இடையே ஆழமான உறவு வளர்வதும் கடினம். ஒவ்வொரு முறையும் ஆட்கள் மாறுகிறார்கள் அல்லவா?

4. துப்பறியும் கதை

1981-ல் கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுல்ஹு' இந்தப் பாணியைப் பிரபலமாக்கியது. இதில் ஹீரோக்கள் வீரர்கள் அல்ல. பேராசிரியர், பத்திரிகையாளர், டாக்டர் போன்ற சாதாரண மனிதர்கள். சண்டை போட்டால் பெரும்பாலும் செத்துவிடுவார்கள். எனவே தடயங்களைத் தேடிப் புரிந்துகொள்வதே ஆட்டம்.

1984-ல் வந்த இதன் புகழ்பெற்ற கேம்பெய்ன் 'மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லத்தோடெப்', 1925-ல் நியூயார்க்கில் தொடங்கி லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று விரிகிறது. நியூயார்க்குக்குப் பிறகு எந்த ஊருக்கு முதலில் போவது என்பதை ஆடுபவர்களே முடிவு செய்யலாம். மர்மத்துக்கான விடை மட்டும் முன்பே தீர்மானிக்கப்பட்டது.

இங்கே பெரிய ஆபத்து ஒன்று உண்டு. முக்கியமான தடயம் ஒரே ஒரு மேஜை டிராயரில் இருந்து, யாருமே அந்த டிராயரைத் திறக்கவில்லை என்றால்? கதை அங்கேயே நின்றுவிடும். இதற்கு ஜஸ்டின் அலெக்சாண்டர் என்ற எழுத்தாளர் 2008-ல் ஒரு விதியை முன்வைத்தார். ஆடுபவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது 3 தடயங்களாவது வைக்க வேண்டும் என்பதே அது. ஒன்று கண்ணில் படாது, இன்னொன்று தவறாகப் புரிந்துகொள்ளப்படும், மூன்றாவது காப்பாற்றும்.

படகோட்டி கதையிலும் இதே கணக்குதான். கோட்டையில் ஒரு தடயம், சந்தையில் ஒரு தடயம், அவர் வீட்டில் ஒரு தடயம் இருந்தால், ஆடுபவர்கள் எங்கே போனாலும் கதை நகரும்.

5. ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்

2010-ல் வின்சென்ட் பேக்கர், மெக்யுவி பேக்கர் தம்பதியின் 'அபோகலிப்ஸ் வேர்ல்டு' வெளியானபோது பெரிய மாற்றம் வந்தது. அடுத்து என்ன நடக்கும் என்பதை நடத்துபவரும் முன்கூட்டி முடிவு செய்யக் கூடாது என்பதை இந்த விளையாட்டு விதியாகவே வைத்தது.

இரண்டு ஆறுமுகப் பகடைகள். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது ஒரு விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் நடத்துபவர் பிடியை இறுக்குவார். நடத்துபவர் பகடையே உருட்டுவதில்லை.

2017-ல் ஜான் ஹார்ப்பர் வெளியிட்ட 'பிளேட்ஸ் இன் தி டார்க்' இதை இன்னொரு திசைக்குக் கொண்டுபோனது. ஆடுபவர்கள் ஒரு இருண்ட நகரத்தின் திருட்டுக் கும்பல். வட்டம் ஒன்றை வரைந்து 4, 6 அல்லது 8 துண்டுகளாகப் பிரித்து 'கடிகாரம்' வைப்பார்கள். காவலர்களின் சந்தேகம் கூடக் கூட ஒவ்வொரு துண்டாக நிரப்புவார்கள். முழுதாக நிரம்பினால் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கடிகாரம் மேஜையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கும்.

நம் கதையில் இந்த வகை கேம் மாஸ்டர் என்ன செய்வார்? கேள்வியைத் திருப்பிக் கேட்பார்: "கடன் கொடுத்தவனை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? எப்படித் தெரியும்?" ஆடுபவர் சொல்லும் பதில் கதையின் உண்மையாகிவிடும். கோட்டை யாருடையது என்பதே இதற்குப் பிறகுதான் தீர்மானமாகலாம்.

இதில் தயாரிப்பு குறைவு. ஆனால், சட்டென்று கற்பனை செய்யும் சுமை எல்லோர் தலையிலும் விழும். "நான் உலகத்தைக் கண்டுபிடிக்க வந்தேன், உருவாக்க வரலை" என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

6. நடத்துபவர் மாறும் பாணி

கேம் மாஸ்டர் எப்போதும் ஒரே ஆளாக இருக்க வேண்டுமா? 1987-ல் ஜோனதன் ட்வீட், மார்க் ரெயின் ஹேகன் இருவரும் உருவாக்கிய 'ஆர்ஸ் மேஜிகா' வேண்டியதில்லை என்றது. இடைக்கால ஐரோப்பாவில் மந்திரவாதிகள் கூடி வாழும் ஒரு குடியிருப்பு. ஒவ்வொருவரிடமும் ஒன்றுக்கு மேற்பட்ட கதாபாத்திரங்கள் இருக்கும். கதை நடத்தும் பொறுப்பும் கைமாறலாம்.

2009-ல் ஜேசன் மார்னிங்ஸ்டார் வெளியிட்ட 'ஃபியாஸ்கோ'வில் நடத்துபவரே கிடையாது. 3 முதல் 5 பேர் சேர்ந்து, பேராசையால் நாசமாகும் மனிதர்களின் கதையை ஒரே மாலையில் ஆடி முடிப்பார்கள்.

ஒருவர் மீதே எல்லாச் சுமையும் விழுவதைத் தவிர்க்க இந்தப் பாணி உதவும். ஆனால், ஒருவர் கட்டியதை அடுத்தவர் கலைத்துவிடுவார் என்ற மனத்தாங்கலும் வரலாம்.

மறைத்து வைத்த தண்டவாளம்

இதுவரை பார்த்த ஆறும் வெளிப்படையான பாணிகள். வெளியே தெரியாத ஒன்றும் உண்டு.

மறுபடி படகோட்டி கதைக்கு வருவோம். "சந்தைக்குப் போறோம்" என்றதும் கேம் மாஸ்டர் சிரித்துக்கொண்டே "சரி" என்கிறார். ஆனால், கோட்டைக்காகத் தயாரித்த அதே அறைகளை, அதே எதிரிகளை, கடன்காரனின் கிடங்கில் தூக்கி வைத்துவிடுகிறார். ஆடுபவர்களுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

பகடையிலும் இது நடக்கும். கேம் மாஸ்டர் தன் பகடையை அட்டைத் திரைக்குப் பின்னால் உருட்டுவது வழக்கம். ஒருவருடைய கதாபாத்திரம் சாகப் போகிறது என்று தெரிந்தால், விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லிவிடுவார்.

இது தவறா? கேம் மாஸ்டர்களிடையே பல ஆண்டுகளாக நடக்கும் சண்டை இது. "எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க, அது போதாதா?" என்பது ஒரு தரப்பு. தயாரித்ததை வீணாக்காமல் இடம் மாற்றுவதில் என்ன தப்பு என்றும் கேட்கிறார்கள்.

மறுதரப்பின் வாதம் எளிமையானது. ஆறு மாதம் யோசித்து, பயந்து, விவாதித்து எடுத்த முடிவுகள் எதையும் மாற்றவில்லை என்று ஒருநாள் தெரியவந்தால், அந்த ஆறு மாதமும் பொய்யாகிவிடும். உண்மையாகவே செத்திருக்கலாம் என்பதால்தான் பிழைத்ததில் மகிழ்ச்சி இருந்தது. அது கேம் மாஸ்டர் போட்ட பிச்சை என்று தெரிந்தால், பழைய வெற்றிகள் எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகும்.

சாவு வேண்டாம் என்றால் அதை முதலிலேயே விதியாக வைத்துக்கொள்ளலாம். தயாரிப்பு இல்லையென்றால், "சந்தையை நான் தயார் பண்ணலை, பத்து நிமிஷம் பிரேக் எடுத்துக்கலாமா?" என்று கேட்கலாம். ஆட வந்தவர்கள் நண்பர்கள்தான். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேமரா முன் கேம்பெய்ன்

2015 மார்ச்சில், அமெரிக்காவின் குரல் நடிகர்கள் சிலர் தங்கள் டி&டி ஆட்டத்தை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கினர். அதுதான் 'கிரிட்டிக்கல் ரோல்'. அப்போது நடத்தியவர் மேத்யூ மெர்சர். 2019-ல் தங்கள் கதையை அனிமேஷனாக்க ரசிகர்களிடம் நிதி கேட்டபோது 1.1 கோடி டாலருக்கும் மேல் குவிந்தது. 2022-ல் அது 'தி லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மக்கினா' என்ற பெயரில் பிரைம் வீடியோவில் வெளியானது.

இதைப் பார்த்து ஏராளமானோர் இந்த விளையாட்டுக்குள் வந்தார்கள். கூடவே ஒரு எதிர்பார்ப்பும் வந்தது. தங்கள் வீட்டு கேம் மாஸ்டரும் பத்து விதக் குரலில் பேசி, கண்கலங்க வைக்கும் கதை சொல்வார் என்று நினைத்து வந்து ஏமாந்தவர்கள் உண்டு. இதற்கு 'மெர்சர் எஃபெக்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தொழில்முறை நடிகர்கள் பார்வையாளர்களுக்காக ஆடுவது வேறு, நான்கு நண்பர்கள் தங்களுக்காக ஆடுவது வேறு என்பதை மறந்ததன் விளைவு அது.

செஷன் ஜீரோ: முதல் நாளுக்கு முந்தைய நாள்

இத்தனை பாணிகளில் எது சரி என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லை. ஆனால், பிரச்னையைத் தவிர்க்க இன்று பல குழுக்கள் கடைப்பிடிக்கும் வழி 'செஷன் ஜீரோ'. ஆட்டம் தொடங்கும் முன் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் சில:

● கதை முன்பே எழுதப்பட்டதா, அல்லது எங்கே வேண்டுமானாலும் போகலாமா?

● கதாபாத்திரம் செத்துப்போகலாமா? பகடை எல்லோர் முன்னிலையிலும் உருட்டப்படுமா?

● எத்தனை வாரம் ஆடப் போகிறோம்? ஒருவர் வர முடியாவிட்டால் ஆட்டம் நடக்குமா?

● சண்டை அதிகமா, பேச்சு அதிகமா, புதிர் அதிகமா?

● கதையில் வரவே கூடாத விஷயங்கள் என்னென்ன?

கடைசிக் கேள்வி முக்கியமானது. குழந்தைகள் மீதான வன்முறை, பாலியல் கொடுமை போன்றவை சிலருக்கு வெறும் கதை அல்ல. இதற்காகவே ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்ற வடிவமைப்பாளர் 2013-ல் 'எக்ஸ் கார்டு' என்ற எளிய முறையை அறிமுகப்படுத்தினார். எக்ஸ் என்று எழுதிய அட்டை ஒன்று மேஜை நடுவில் இருக்கும். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சி நீக்கப்படும். காரணம் சொல்லத் தேவையில்லை.

யாருக்கு எது பொருந்தும்?

● முதல்முறை ஆடுபவர்கள்: சிறிய நேர்கோட்டுக் கதை. 3 அல்லது 4 செஷனில் முடிவது நல்லது.

● முன்கை எடுத்து உலகத்தைச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள்: சாண்ட்பாக்ஸ்.

● நேரம் ஒத்துவராத பெரிய நண்பர் வட்டம்: வெஸ்ட் மார்ச்சஸ்.

● சண்டையைவிட மூளைக்கு வேலை வேண்டும் என்பவர்கள்: துப்பறியும் கதை.

● தயாரிக்க நேரமில்லாத கேம் மாஸ்டர், கற்பனை வளமுள்ள குழு: அபோகலிப்ஸ் வேர்ல்டு வகை.

● யாருமே கேம் மாஸ்டராக முன்வராத குழு: ஃபியாஸ்கோ.

இவற்றைக் கலந்தும் ஆடலாம். நேர்கோட்டில் தொடங்கி, ஆடுபவர்களுக்கு உலகம் பழகியதும் சாண்ட்பாக்ஸாக விரிக்கும் கேம் மாஸ்டர்களும் இருக்கிறார்கள். பாணி மாறும்போது அதைக் குழுவிடம் சொல்லிவிடுவது மட்டும் அவசியம்.

1969-ல் போரை விட்டுவிட்டு ஆளாளுக்கு ஒரு பக்கம் போனவர்களை வெஸ்லி பிடித்து இழுத்து வந்திருந்தால், இந்த விளையாட்டே பிறக்காமல் போயிருக்கலாம். உங்கள் குழுவும் கோட்டையை விட்டுவிட்டு படகில் ஏறினால், கேம் மாஸ்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதே பழைய கேள்விதான்: "சரி, என்ன செய்றீங்க?"